ஒரு சாண் தூரம்

நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்டாச்சு என்று தம்பி போன் பண்ணியபோது காலை பத்து மணி இருக்கும். டாக்டர் ஸ்கேனரை வைத்துப் பார்த்தாராம், நம்பர் சரியாக இருக்கிறதாம். அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"என்ன நம்பர் வந்துச்சு?"

"புக்ல நீ ஒட்டிக் குடுத்த நம்பர்தான். கடைசி நாலு, நாலு நாலு ஒண்ணு ஏழு. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டு அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி வீட்டில் இருக்கிற குட்டியின் உடம்பில் எந்த நம்பரும் வரக்கூடாது. அதற்குச் சிப்பே கிடையாது. அவள் போடவில்லை.

அந்த வட்டாரத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். நாய்க்குட்டிகள் புது வீட்டுக்குப் போவதற்கு முன் சிப் போட்டுப் பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. அரிசி அளவில் ஒரு சிப், அது போகிற அளவுக்குத் தடித்த ஊசி. முதலில் ஒரு தடவை ஸ்கேன், அப்புறம் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி, மறுபடி ஸ்கேன், தடுப்பூசி புக்கில் நம்பர் ஸ்டிக்கர், வாங்குகிறவர் பெயரில் பதிவு. சிப்புக்குள் பேட்டரி எதுவும் இல்லை. அது பாட்டுக்குத் தோலுக்கு அடியில் கிடக்கும். ஸ்கேனர் கேட்டால்தான் பதில் சொல்லும், அதுவும் ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால்தான். "நாய் எங்க இருக்குன்னு இது தேடிக் கண்டுபிடிக்காதுங்க. பக்கத்துல வந்தா, நீ யாருன்னு கேக்கும், அவ்வளவுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது.

இந்தத் தடவை அவள் வீட்டு நாயே ஐந்து குட்டி போட்டது. ஐந்தும் பழுப்பு. அடையாளத்துக்குக் கழுத்தில் ஆளுக்கொரு கலரில் நூல் கட்டி, நூலின் கலரையே பெயராகக் கூப்பிட்டாள். வெள்ளையும் பச்சையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. வெள்ளைக்கு இடது காது நுனி மட்டும் மடங்கியிருக்கும். அந்த மடிப்பைப் பார்த்துத்தான் சிட்டு அதைக் கேட்டாள்.

சிட்டு தம்பியின் ஒரே மகள். ஐந்து வயது. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்கிற குறையும் சிட்டு பிறந்த பிறகு எங்கேயோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அத்தை கையிலிருக்கும் ஸ்கேனருக்கு முதுகைத் திருப்பி, முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"எனக்கும் பாரு அத்தை."

ஸ்கேனர் சத்தமே போடாது.

"அடடா, இது யாரும் இல்லாத குட்டியாச்சே. நானே எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ."

தம்பி அதற்கு மேல். ஸ்கேனரைப் பிடுங்கி அக்காவின் பின்கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓனர் இல்லாத கேஸ்" என்று உதட்டைப் பிதுக்குவான். அவளும் சிரிப்பாள். சில சமயம் கொஞ்சம் வலிக்கும், இருந்தாலும் சிரிப்பாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஐந்துக்கும் சிப் போட உட்கார்ந்தாள். வெள்ளை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. வயிறு சுட்டது. உடம்பு சரியில்லாத குட்டிக்குப் போடக்கூடாது என்பது அவளே அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். ஆனால் மறுநாள் காலை சிட்டு வருகிறாள், மூன்று வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் ஊசியைப் போட்டாள். வெள்ளை ஒரே ஒரு தடவை, நூல் மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது. ஸ்கேன் செய்தாள், நம்பர் வந்தது, ஸ்டிக்கர் ஒட்டினாள், தம்பி பெயரில் பதிவும் செய்தாள். மிச்சமிருந்தது பச்சை மட்டும்தான். அதற்குள் வெள்ளை தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால்களை நீட்டிவிட்டது.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு ஷூ பெட்டியில் துணியைச் சுற்றி வைத்து, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் புதைத்தாள். பச்சையின் கழுத்தில் வெள்ளை நூலைக் கட்டி, வெள்ளையின் புக்கோடு மறுநாள் காலை சிட்டுவின் கையில் கொடுத்தாள். "காது நிமிந்துடுச்சே அத்தை?" என்றாள் சிட்டு. "பெரியவனாயிட்டான்ல" என்று சமாளித்தாள். பச்சைக்கு வேறு சிப் போட்டால் நம்பர் புக்கோடு ஒத்துப்போகாது, மாட்டிக்கொள்வாள். போடாமல் விட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். தடுப்பூசி போடும் டாக்டர் பார்ப்பார் என்பது மறந்தே போனது.

டாக்டரும் பார்த்துவிட்டார். மண்ணுக்கு அடியில் இருக்க வேண்டிய நம்பரை.

மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியையும் ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மழை வருவதற்கு முந்தைய வெளிச்சம், பகலா சாயங்காலமா என்று தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம், தொட்டியின் பாசியிலும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளிலும் ஒரே மாதிரி படிந்திருந்தது; குழாயிலிருந்து சொட்டு ஒன்று விழுந்து, நெடுநேரம் கழித்து அடுத்தது விழுந்தது. புதைத்த இடத்தை யாரும் தொட்டிருக்கவில்லை. மண் இறுகி, மேலே புல்கூட முளைத்துவிட்டது. கூடவே வந்த தாய் நாய் பாதியிலேயே நின்றுகொண்டது. கூப்பிட்டாலும் வரவில்லை. வாலைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து, கதவுவரை போனது.

பெட்டி ஊறிப்போய் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் திறந்தாள். நாற்றம் இல்லை. ஈர மண்ணும் பாலும் கலந்த ஒரு வாசனை, அவ்வளவுதான். துணியை விலக்கினாள். மடங்கின காது. வெள்ளையேதான், புதைத்தபோது இருந்த மாதிரியே. பிடரிக்கு மேல் ஸ்கேனரை வைத்தாள். சத்தம் இல்லை. தோளில் வைத்தாள், வயிற்றில் வைத்தாள், புரட்டிப்போட்டு வைத்தாள். இல்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று தாய் நாயிடம் போய் வைத்துப் பார்த்தால், உடனே கீச்சென்று கத்தி அதன் நம்பரைக் காட்டியது. திரும்பி வந்து பிடரித் தோலை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள். வெட்டு இல்லை, கிழிசல் இல்லை. அரிசி அளவு சிப் மட்டும் இல்லை.

பெட்டியை மூடப் போனபோதுதான் மூடியின் உள்பக்கம் கண்ணில் பட்டது. நனைந்த அட்டையில் மெல்லிய கீறல்கள். பக்கத்தில் பக்கத்தில். நான்கு நான்காக.

அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதும் பொய்தான், அது எங்கேயும் போயிருக்கவில்லை. பெட்டியில் வைத்தபோது வெள்ளையின் உடம்பு சூடாக இருந்தது. நாலு மண்வெட்டி மண் போட்ட பிறகு உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நூல் மாதிரி, மெல்லிசாக. ஒரே தடவை. மண்வெட்டியோடு நின்றாள். திறந்தால் இன்னொரு தடவை அது சாவதைப் பார்க்க வேண்டும், விடிந்தால் சிட்டு வந்துவிடுவாள். தவளையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஐந்தாவது மண்வெட்டி மண்ணைப் போட்டாள்.

கை மண்ணோடு தம்பிக்குப் போன் பண்ணினாள்.

"குட்டி எப்படி இருக்கு?"

"ஒரு மாதிரியாத்தான்க்கா இருக்கு. ஊசி போட்டு வந்ததுலருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கு. ரெண்டு நாளா மேல ஒரே மண்ணு வாசனை, குளிப்பாட்டினாலும் போகல."

"சிட்டு எங்க?"

"அதுகூடத்தான். கட்டிப் பிடிச்சுப் படுத்திருக்கா. எழுந்து வாடின்னாலும் வரல."

"தூக்கிட்டு வெளிய வா. அதுகிட்ட விடாத."

"ஏன், ஏதாவது நோயா?"

"நான் வரேன். நீ முதல்ல அவளத் தூக்கு."

ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். முதல் தூறல் கண்ணில் அடித்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானம் பண்ணிக்கொண்டே போனாள். பொய் சொன்னதை, நூல் மாற்றியதை, அந்த ஐந்தாவது மண்வெட்டி மண்ணை. சிட்டு அழுவாள், அழட்டும். இனிமேல் அத்தையோடு பேசாமல் போனாலும் போகட்டும். குழந்தை நன்றாக இருந்தால் போதும்.

தம்பி கதவைத் திறந்தான். ஒரு காதில் ஹெட்போன், ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். "அவளே எழுந்துட்டா, ரூம்லதான் இருக்கா" என்று சைகையும் பேச்சுமாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டான்.

அறையில் திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. ஃபேன் ஓடவில்லை. பொம்மைகள், கலர் பென்சில்கள், சுவரில் பாதி கிழிந்த ஸ்டிக்கர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவற்றின் மேல், துவைத்த துணியின் வாசனைக்கும் குழந்தையின் பவுடர் வாசனைக்கும் அடியிலிருந்து, ஈர மண்ணும் பாலும் கலந்த அந்த வாசனை கிளம்பி வந்துகொண்டிருந்தது. சிட்டு கட்டிலின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை, முழங்கால்கள் தெரிந்தன.

"சிட்டும்மா, இங்க வா. அத்தைகிட்ட வா."

அசையவில்லை.

அவள் மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். சுவர் ஓரமாகக் குட்டி படுத்திருந்தது. வெள்ளை நூல். ஸ்கேனரை நீட்டினாள். ஒரு சாண். அரைச் சாண். தோலிலேயே வைத்து அழுத்தினாள். சத்தம் இல்லை. கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. விறைத்துப் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

அந்த நம்பர் வெள்ளையிலிருந்து பச்சைக்கு வந்திருக்கிறது. இப்போது பச்சையிலும் இல்லை. விட்டுப் போன இடத்தில் வெறும் உடம்பு.

அப்படியென்றால்.

தலையைத் தூக்கினாள். சிட்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வந்த சத்தம் கேட்கவில்லை. முதுகைத் திருப்பி, இரண்டு கையாலும் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் பாரு என்று கேட்கவில்லை. காத்திருந்தாள்.

ஸ்கேனரைக் கீழே வைத்துவிடலாம். வைத்திருக்கலாம். கை தானாக நீண்டது.

கீச்.

பதினைந்து எண்கள். கடைசியில் நாலு. நாலு. ஒன்று. ஏழு.

சிட்டு திரும்பினாள். சிட்டுவின் முகம்தான். மூக்குக்குக் கீழே இருக்கிற அந்தக் குட்டி மச்சம்கூட.

"உள்ள இருட்டா இருந்துச்சு அத்தை."

அவள் பின்னால் நகர்ந்தாள். கட்டில் கால் முதுகில் இடித்தது.

"நான் கூப்பிட்டேன். நீ அங்கதான் நின்னுட்டிருந்த."

"சிட்டு."

"கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு" என்றாள். அவ்வளவு நாளும் சொல்லாதது, ஒரே சொல்லாக வந்துவிட்டது. "கேட்டுச்சும்மா. தப்புதான். தப்பு என்னோடது."

சிட்டு மடியில் ஏறினாள். இரண்டு கையும் கழுத்தைச் சுற்றின. தள்ளிவிட வேண்டும், ஒரு சாணுக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் சுற்றியிருந்தவை சிட்டுவின் கைகள், நகத்தில் கலர் பென்சில் அழுக்கு இருந்தது. தள்ள முடியவில்லை. இது கிளம்பினால் எதை விட்டுவிட்டுக் கிளம்பும் என்று நினைத்தபோது, தள்ளப் போன கை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அங்கயே இரு" என்றாள். "உன்னக் கும்பிடுறேன். அவகிட்டயே இரு. போயிடாத."

சின்ன வாய் அவள் காதுக்கு வந்தது. மண் வாசனை.

"நான் யாரும் இல்லாத குட்டிதானே அத்தை. எடுத்துக்கோ."

பிடரியில் ஒரு குளிர். ஊசி போகிற அளவு இடத்தில்.

தோளில் சிட்டுவின் தலை சாய்ந்தது.

வாசலில் தம்பி. ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தான். மடியில் இருந்த மகளையும் அக்காவின் விறைத்த முதுகையும் பார்த்துச் சிரித்தான்.

"தூங்கிட்டாளா? நான் காலையிலருந்து மல்லுக்கட்டுறேன், உன் மடிதான் கேக்குது." பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சரி, என்னமோ நோயின்னு பயமுறுத்துனியே. நம்பர் எல்லாம் சரிதானே?"

சொல்ல வேண்டும். அவனிடம் சொல்ல வேண்டும். குழந்தையைப் பாருடா என்று சொல்ல வேண்டும்.

அவன் தரையில் கிடந்த ஸ்கேனரை எடுத்தான். பழக்கதோஷம். அக்காவின் பின்கழுத்தில் கொண்டுபோய் வைத்தான்.

கீச்.

"அட," என்றான். திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உனக்கும் ஓனர் வந்தாச்சா? அதுவும் என் பேர்ல பதிஞ்ச நம்பராவே இருக்கு பாரு. நாலு நாலு ஒண்ணு ஏழு."

அவள் வாயைத் திறந்தாள். நூல் மாதிரி ஒரு சத்தம் வந்தது, மெல்லிசாக, ஒரே தடவை. அவள் கழுத்தைச் சுற்றியிருந்த சிட்டுவின் கை நழுவித் தரையில் விழுந்தது. தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.