நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்

முதல் கம்பத்துக்கு அடியில் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் பனி கிடந்ததாகத் திரை சொன்னது. வெளியே கோடை வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. மலை உச்சியில் கடைசிப் பனி கரைந்தே ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். எண் மாறவில்லை.

எந்தச் சரிவில் எவ்வளவு பனி படியும், எப்போது உருகும், ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணித்துச் சொல்லும் கணினி மாடல் ஒன்றைப் பதினோரு வருடமாகக் கட்டி வருகிறாள். அதற்காக மலை உச்சியிலிருந்து ஊர்வரை ஏழு கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் கையிலும் தரையைப் பார்த்தபடி ஒரு கருவி தொங்கும். அது ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து, கீழே இருப்பது எவ்வளவு தூரம் என்று அளக்கும். பனி ஏற ஏறத் தூரம் குறையும். அவ்வளவுதான் அதன் புத்தி. பனி எது, மற்றது எது என்று அதற்குத் தெரியாது.

சாத்தியமே இல்லாத எண் வந்தால் அவள் நிரல் அதைத் தனியாக ஒரு கோப்பில் தள்ளிவிடும். அந்தக் கோப்புக்கு அவள் வைத்த பெயர் 'குப்பை'. வருடாந்திர அறிக்கைக்காக இன்று மதியம்தான் அதைத் திறந்தாள்.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கோடையில பனின்னு உங்க மாடல் சொன்னா நாளைக்குப் பேப்பர்ல நம்ம படம்தான் மேடம். சிலந்தி கூடு கட்டியிருக்கும். போய்த் துடைச்சிட்டு வரேன்."

"ஒரு கம்பம்னா சிலந்தி. ஆறு கம்பம் இருக்கே?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

போன சனிக்கிழமை, உச்சியிலிருக்கும் முதல் கம்பம். ஞாயிறன்று இரண்டாவது. திங்களன்று மூன்றாவது. ஒவ்வொரு நாளும் பிற்பகல் மூன்று பத்துக்குத் தொடங்கி மூன்று இருபத்தொன்றுக்கு முடிகிறது. எல்லாவற்றிலும் அதே நூற்று அறுபத்தெட்டு. அந்தப் பதினோரு நிமிடம் மட்டும் பக்கத்து வெப்பமானி இருபத்து நாலிலிருந்து மைனஸ் நாலுக்குச் சரிந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஏறிவிடுகிறது. நேற்று வியாழன், ஆறாவது கம்பம். அது இந்த அலுவலக வாசலில்தான் நிற்கிறது.

"நேத்து மூணு மணிக்கு நான் அங்கதான் நின்னு டீ குடிச்சேன்," என்றார் மெக்கானிக் மெதுவாக. "யாரும் இல்ல மேடம். குளிரா மட்டும் இருந்துச்சு. காய்ச்சல் வருதோன்னு நினைச்சு உள்ள வந்துட்டேன்."

அப்போது போன் அடித்தது. மகள். பள்ளி விடுமுறை, அப்பாவோடு வீட்டில் இருக்கிறாள்.

"அம்மா, நான் எவ்வளவு பனி?"

அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. புதுக் கருவிகளைச் சோதித்துப் பார்க்க, ஏழாவது கம்பத்தை அவள் தன் வீட்டுத் தோட்டத்திலேயே நட்டிருந்தாள். குழந்தை அதன் கீழே போய் விறைப்பாக நிற்பாள். அம்மா ஆபீஸில் இருந்தபடியே எண்ணைப் படிப்பாள்.

"நூத்திப் பன்னிரண்டு," என்றாள். "போன மாசத்தை விட ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துட்ட."

சிரித்துக்கொண்டே சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பை மறந்தாள். அறையில் மின்விசிறி சுழலும் சத்தம், யாரோ பக்கத்து அறையில் காகிதம் கிழிக்கும் சத்தம், சூடான பிளாஸ்டிக் வாசனை எல்லாம் ஒரு கணம் எங்கோ தள்ளிப் போய்த் திரும்பி வந்தன.

நூற்று அறுபத்தெட்டு. அந்த எண்ணை அவள் தன் கையால் ஒரு தாளில் எழுதியிருக்கிறாள்.

இரண்டு குளிர்காலம் முன்பு, காணாமல் போனவர் பற்றிய படிவத்தில். வயது, நிறம், கடைசியாக உடுத்திய உடை. உயரம்.

அவர் பனி அளவைக்காரர். குழி தோண்டிப் பனியின் அடுக்குகளை அளந்து வருவது அவர் வேலை. அவளைக் கேலியாகப் 'புரொஃபசர்' என்பார். அன்று காலை இரண்டாவது கம்பம் இரண்டு மீட்டர் பனி என்றது. முந்தைய மாலை வெறும் நாற்பது சென்டிமீட்டர்தான். ஒரே இரவில் அது எப்படி முடியும் என்று அவள் நிரல் அந்த எண்ணைக் குப்பையில் போட்டது. அவளும் எடுத்துப் பார்க்கவில்லை. சரிவு பத்திரமாக இருக்கிறது, போகலாம் என்றாள்.

"நீங்க சொன்னா சரி புரொஃபசர். மலைகிட்ட நான் பேசிக்கிறேன்."

காற்று வாரிக் குவித்திருந்த பனி அப்படியே சரிந்தது. வசந்தத்தில் எல்லாம் உருகின பிறகும் அவர் கிடைக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மணி இரண்டு நாற்பத்தாறு.

"பாப்பா, உடனே உள்ள போ. அப்பாகிட்ட போனைக் குடு."

"என்ன ஆச்சு?" என்றான் கணவன்.

"எல்லாக் கதவையும் பூட்டு. ஜன்னலையும். அவளை வெளிய விடாத. நான் வரேன்."

"திருடனா?"

"வந்து சொல்றேன். பூட்டு!"

கார் இருக்கை முதுகைச் சுட்டது. சிக்னலில் பேருந்துகள் புகை கக்கிக்கொண்டு நகராமல் நின்றன, முன்னால் நின்ற லாரியில் ஏற்றியிருந்த இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் கடிகாரம் மட்டும்தான் நகர்ந்திருந்தது.

மூன்று பன்னிரண்டுக்கு வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடினாள்.

யாரும் இல்லை.

வெயிலில் மஞ்சளாகிப்போன புல். கம்பம். கம்பத்தின் நிழல். குருவிகள் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் வேலிச்செடியில் ஒரு சத்தம் இல்லை. அவள் கையிலிருந்த போனில், ஏழாவது கம்பத்துக்கு எதிரே, எண் அசையாமல் நின்றது.

168.

இரண்டடி எடுத்து வைத்தாள். முழங்காலுக்குக் கீழே குளிர்ந்தது. இன்னும் ஓரடி. வாயிலிருந்து வந்த மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

"நான்தான்," என்றாள். "கருவி சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் பாக்கல. என்னை மன்னிச்சிடுங்க. என்ன வேணும்னாலும் என்னைப் பண்ணுங்க."

ஒரு புல் நுனிகூட அசையவில்லை.

எண் அசைந்தது.

160. 141.

குனிகிறார் என்று நினைத்தாள்.

118. 97.

மண்டியிடுகிறார். தன் முன்னால்தான் என்று நினைத்தாள். அழுகை பொங்கி வந்தது. பிறகுதான் அது தோன்றியது. பெரியவர்கள் அப்படிக் குனிவது, தங்களைவிட உயரத்தில் குறைந்த ஒருவரிடம் முகத்துக்கு முகம் பேசத்தான்.

அவள் திரும்பினாள்.

தோட்டத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு. அதன் பின்னால் மகள், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்து நின்றாள்.

போனில் பூஜ்யம்.

மணி மூன்று பதினாறு. பதினோரு நிமிடம் ஆகவில்லை. மற்றக் கம்பங்களின் கீழே நின்றது போல அவர் இங்கே நிற்கவில்லை, நகர்ந்துவிட்டார்.

ஓடினாள். கணவன் குழந்தைக்குப் பின்னால் வந்து, சாவிக்கொத்தை உயர்த்திக் காட்டினான். எல்லாம் பூட்டியாச்சு என்று அவன் உதடு அசைந்தது. பெருவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

மகள் சிரிக்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்திருந்தாள். பக்கத்தில் யாரோ சொல்வதைக் கேட்பது போல.

குழந்தையின் கன்னத்துக்கு அருகே, அதே உயரத்தில், கண்ணாடியில் ஒரு வெள்ளைத் திட்டு. உள்ளங்கை அளவு. ஓரமெல்லாம் ஊசி ஊசியாகப் பனிப்படிகம். அது விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

அவள் உள்ளங்கையால் அதை வேகவேகமாகத் தேய்த்தாள். வெயிலில் கிடந்த கண்ணாடி கையைச் சுட்டது.

திட்டு அழியவில்லை. அது உள்பக்கம் இருந்தது.