இரண்டாவது துளை

மனித குலத்தின் முதுகெலும்பை நிமிர்த்தவே பிறந்த இயந்திரம் என்று அதை மைக்கில் வர்ணித்தார் தலைமை மருத்துவர். அப்படிப் பிறந்தது, அன்று காலை இரண்டு முறை அணைத்துப் போட்ட பிறகுதான் கண் திறந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அதன் முதல் அறுவை சிகிச்சையைப் பார்க்க வந்த விருந்தினர்கள். இப்பால், நீலத் துணிக்கடியில் குப்புறப் படுத்திருந்தாள் அக்கா. எலும்பின் சத்தத்தைக் கேட்டு ட்ரில்லை எங்கே நிறுத்துவது என்று அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவன் அவள் தம்பி. "நீ பண்ணதுதானேடா, எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினாள்.

முதல் துளையிலேயே ஒரு சிறு பிசகு. எலும்பு பொசுங்கும் நெடியைக் கிளப்பிக்கொண்டு கரகரவென்று இறங்கிய ட்ரில், தண்டுவடத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கையில், பாதியில் நின்றது. தம் நகைச்சுவைக்குச் சிரிப்பு வரட்டும் என்று மருத்துவர் வாயை மூடியிருந்த நேரம் அது. இயந்திரத்தின் ஜாக்கிரதையைப் பாராட்டியபடி அவர் மறுபடி ஆரம்பித்தார்; ட்ரில்லும் ஆரம்பித்தது. மூச்சு வாங்க நிறுத்தினார், அதுவும் நின்றது.

தம்பிக்கு அப்போதுதான் பிடிபட்டது. இருநூறு ஆட்டெலும்புகளில் அதைப் பழக்கியபோதெல்லாம் மருத்துவர் பக்கத்தில் நின்று ஏதோ ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். தண்டுவடத்தை ஒட்டிய எலும்பின் உள்சுவர் நெருங்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். இயந்திரம் எலும்பைக் கேட்கவேயில்லை. அவரைத்தான் கேட்டிருக்கிறது. அவர் குரல் இருக்கும்வரை ஆபத்தில்லை என்று படித்து வைத்திருக்கிறது.

இரண்டாவது துளை. மருத்துவர் பேச்சில் தம் இளமைக்காலப் போராட்டங்களுக்கு வந்திருந்தார். அதில் இடைவெளி கிடையாது.

கரகரப்பு மெலிந்தது. கீச்சென்றது. உள்சுவர். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். இயந்திரத்தின் திரையில் இன்னும் பச்சை. அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கி அவன் கை போனது.

"கைய எடுப்பா" என்றார் மருத்துவர், பேச்சின் தாளம் கெடாமல். "அதுக்கு எல்லாம் தெரியும். பெரிய மனுஷங்க பாத்துக்கிட்டிருக்காங்க."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கீச்சொலி போனது. வெற்றுக் குழாயில் ஊதுவதுபோல ஒன்று. பிறகு ஈரமாக ஒன்று. துணிக்கு வெளியே அக்காவின் இடது கால் கட்டைவிரல் துடித்தது. இன்னொரு முறை. விறைத்தது. தொய்ந்தது.

மருத்துவர் பேசி முடித்தார். ட்ரில் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் கைதட்டல்.

தம்பியும் தட்டிக்கொண்டிருந்தான்.