சிவப்பாய் ஒரு சின்னத் திருட்டு

போன் அலறியது!

ஆடிட்டர் அனந்தபத்மநாபன் எரிச்சலோடு எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த கட்சிக்காரருக்கு வரியைக் குறைக்கும் வித்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் யார் இடைமறித்தாலும் அவருக்குப் பிடிக்காது.

"யாரு?"

"சாமி, சாலைக் கடைத்தெருவுல இருந்து பேசுதேன். நயினார் ஃபேன்ஸி ஸ்டோர்ஸ் நயினார். உங்க பொண்ணு மாளவிகா இங்கதான் இருக்கு."

"மாளவிகாவா? அவ ட்யூஷனுக்குன்னா போயிருக்கா!"

"ட்யூஷன்ல லிப்ஸ்டிக்கும் குடுக்காங்களா சாமி? பையில ஒண்ணு இருந்துச்சு. பில்லுதான் இல்ல!"

மகள் அழுகிறாளா? பயந்து போயிருக்கிறாளா? யாராவது கை வைத்தார்களா?

ஒரு தகப்பன் கேட்கக்கூடிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. அனந்தபத்மநாபன் ஒன்றைத்தான் கேட்டார்.

"யாராவது பாத்தாளா?"

நயினார் சிரித்தார்.

"வாங்க சாமி. நேர்ல பேசுவோம்."

*

கடையின் பின்பக்கம் சரக்கு அறை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாளவிகா. பதினாறு வயது. பள்ளிச் சீருடை. அழுது முடித்த கண்கள்.

நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய வெற்றிலையுமாக நயினார் வரவேற்றார்.

"ஒரு தப்பு நடந்து போச்சு சாமி. கேமராவுல பாத்த வேகத்துல போலீசுக்கு போன் போட்டுட்டேன். 'கடையில ஒரு பொண்ணு திருடிட்டா, வாங்க'ன்னு. அப்புறந்தான் ஐ.டி. கார்டைப் பாத்தேன். அட, நம்ம கோட்டைக்குள்ள இருக்கிற ஆடிட்டர் சாமி மகள்லா!"

தப்புதான். போலீஸ் வந்தால் லிப்ஸ்டிக் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். பணக்கார அப்பன் வந்தால்...?

"போலீஸா!" ஆடிட்டரின் முகம் வெளிறியது.

"பின்ன? எஃப்.ஐ.ஆர்.! கோர்ட்டு! காலேஜ் சீட்டு போச்சு... பாஸ்போர்ட் போச்சு... நாளைக்குக் கல்யாணமும் போச்சு!"

நயினாருக்கு மனப்பாடமான வசனம். இதற்கு முன்பும் பல அப்பன்மார்களிடம் பலித்த வசனம்.

"எவ்வளவு?" என்றார் அனந்தபத்மநாபன்.

வருமானவரி நோட்டீஸ் வந்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

"ஒரு லட்சம்."

"முந்நூத்தி நாப்பது ரூபா சாமானுக்கா?"

"சாமானுக்கு முந்நூத்தி நாப்பதுதான் சாமி. மிச்சம் மானத்துக்கு!"

"இருபத்தஞ்சு தரேன்."

"மானத்துலயும் டிஸ்கவுண்டா? அம்பது. அதுக்குக் கீழ ஒரு சல்லிக் காசு குறைக்க மாட்டேன்."

மாளவிகா நிமிர்ந்தாள்.

"அப்பா... வேண்டாம்ப்பா. போலீஸ் வரட்டும். நான் உண்மையைச் சொல்லி சாரி கேட்டுக்கறேன்."

"வாயை மூடுடி! பண்ணின காரியம் போறாதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். பழக்கம்தான். அந்த வீட்டில் பத்து ரூபாய் கேட்டால்கூட எதற்கு என்று மூன்று கேள்வி வரும். உதட்டுக்கு ஒரு சிவப்பு வேண்டும் என்று எப்படிக் கேட்பாள்?

அனந்தபத்மநாபன் பர்ஸை எடுத்தார். நயினார் கையை ஆட்டினார்.

"கேஷ் வேண்டாம். கல்லாவுல எம் மச்சினன் இருக்கான். நோட்டைக் கண்டா அவனுக்குக் கை அரிக்கும். இந்தா, எம் போன்ல கல்லா க்யூ.ஆர். போட்டோ. இதுல போடுங்க, நேரா பேங்குக்குப் போயிரும்."

ஊரைக் கொள்ளையடிக்கத் தெரிந்தவருக்கு மச்சினனை நம்பத் தெரியவில்லை.

ஆடிட்டர் போனில் தட்டினார். சரக்கு அறையில் சிக்னல் இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"போக மாட்டேங்கறது..."

"போயிரும் சாமி. அப்படியே வையுங்க."

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம்!

"போலீஸ்!" நயினார் வெற்றிலையை விழுங்கிவிட்டார். "ஐயய்யோ... பொண்ணு ஒண்ணு திருடிட்டான்னு நானே சொல்லியிருக்கேனே! இப்போ திருடியைக் காட்டலைன்னா என்னையல்லா புடிச்சு உலுக்குவாங்க!"

அனந்தபத்மநாபனின் கண்கள் அறையைச் சுற்றின.

வளையல் பெட்டியோடு உள்ளே வந்த விற்பனைப் பெண் சுஜாவின் மேல் வந்து நின்றன.

பத்தொன்பது வயது. மார்த்தாண்டத்திலிருந்து வேலைக்கு வந்தவள்.

"இந்தாம்மா... நீதான் எடுத்தேன்னு சொல்லிடு. பத்தாயிரம் தரேன்."

"நான் எதுக்கு சாமி சொல்லணும்? எடுத்தது நான் இல்லல்லா?"

"நோக்கென்ன போறது? நீ என்ன, காலேஜுக்கா போகப்போறே?"

எத்தனை இயல்பாகச் சொன்னார்! இரண்டு பெண்களை ஒரே தராசில் வைத்து, ஒருத்திக்கு எடையே இல்லை என்று அரை நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்.

"ஏட்டி சுஜா," என்றார் நயினார் மெதுவாக. "நாளைக்கு ஒனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

சுஜா திரும்பி மாளவிகாவைப் பார்த்தாள்.

மாளவிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மௌனம்தான் அன்றைக்கு அந்தக் கடையில் நடந்த இரண்டாவது திருட்டு.

*

சப்-இன்ஸ்பெக்டர் ஆர்ஷா கல்லாவில் சாய்ந்து நின்றாள். மலையாளி. சாலைக் கடைத்தெருவில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவள். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"யாரு எடுத்தது?"

"இவதான் மேடம்." நயினார் சுஜாவை முன்னால் தள்ளினார். "சோறு போட்ட கையையே கடிச்சிட்டா!"

"சாமிக்கு இங்க எந்தா காரியம்?"

"நான்... பொண்ணுக்கு வளை வாங்க வந்தேன்," என்றார் அனந்தபத்மநாபன். மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பேரு?"

"சுஜா."

"வயசு?"

"பத்தொன்பது."

ஆர்ஷா உதட்டைப் பிதுக்கினாள்.

"கஷ்டமாயல்லோ மோளே! வெளியாளு எடுத்தா சின்னக் கேஸ். வேலை பாக்கிற கடையில நீயே எடுத்தா அது வேற செக்‌ஷன். ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். தெரியுமோ?"

சுஜா வளையல் பெட்டியை நெஞ்சோடு இறுக்கினாள். உள்ளே கண்ணாடி கிணுகிணுத்தது.

"ஏ... ஏழு வருஷமா?"

"நடக்கு, வா. ஸ்டேஷன்ல போய் எழுதலாம்."

சுஜா ஓர் அடி எடுத்து வைத்தாள்.

பணம் வந்து சேர்ந்தால் மலையாளத்தில் அறிவிக்கும் குட்டி ஒலிப்பெட்டி கல்லாவின் மேல் உயிர் பெற்றது. ஆடிட்டரின் போனுக்கு இப்போதுதான் சிக்னல் கிடைத்திருந்தது!

"அம்பதினாயிரம் ரூபா... லபிச்சிரிக்குன்னு!"

கடை உறைந்தது.

"என்ட பகவானே!" பொட்டு வாங்க வந்த ஒரு பெண்மணி வாயில் கை வைத்தாள். "ஆரா அம்பதினாயிரத்தினு பொட்டு வாங்கிச்சது?"

ஆர்ஷா திரும்பினாள். பெட்டியைப் பார்த்தாள். நயினாரைப் பார்த்தாள்.

"நயினாரே... ரப்பர் பேண்டும் சீப்பும் விக்கிற கடையில, இப்போ அம்பதாயிரம் குடுத்தது ஆரா? எதுக்கு?"

"ஓணம் ஆர்டர் மேடம்!" என்றார் நயினார்.

"கோவில் நன்கொடை!" என்றார் அனந்தபத்மநாபன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில்!

மின்விசிறி மட்டும் சுற்றியது.

"பொய் சொல்லும்போது ஆளுக்கொண்ணு சொல்லலாமோ?" ஆர்ஷா சிரிக்கவில்லை. "ஒண்ணு பேசி வச்சிருக்க வேண்டாமோ?"

மாளவிகா கையை உதறினாள். அப்பாவின் பிடி விலகியது.

"மேடம்... நான்தான் எடுத்தேன்."

"கொழந்தை பயத்துல ஒளர்றா மேடம்!"

"சாரு மிண்டாம, வாயைத் திறக்காம நில்லு. மோள் பேசட்டும்."

"அந்தச் சேச்சி ஒண்ணும் பண்ணலை. நான்தான் லிப்ஸ்டிக்கைப் பையில போட்டேன். இவர் என்னை உள்ள உக்கார வச்சு, காலேஜ் போயிடும், பாஸ்போர்ட் போயிடும்னு மிரட்டிப் பணம் கேட்டார். அப்பா குடுத்தார். அப்புறம் பத்தாயிரம் தரேன்னு அந்தச் சேச்சியை மாட்டிவிடப் பாத்ததும் அப்பாதான். நான் பாத்துண்டு சும்மா இருந்தேன்..." குரல் உடைந்தது. "நான் ஜெயிலுக்குப் போறேன் மேடம். அவாளை விட்டுடுங்கோ!"

"வயசு?"

"பதினாறு."

"முன்னாடி எப்பவாவது?"

"இல்லை. இதான் முதல் தடவை."

ஆர்ஷா தொப்பியைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தாள். குரல் இறங்கியது.

"கேளு மோளே. உன் வயசுக்கு, இந்த மாதிரிச் சின்னத் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஸ்டேஷன் டயரில ஒரு குறிப்பு. பிள்ளைகளுக்குன்னு ஒரு போர்டு இருக்கு, அங்க ஒரு ரிப்போர்ட் போகும். கூப்பிட்டுப் பேசுவாங்க, புத்தி சொல்லுவாங்க. காலேஜும் போகாது, பாஸ்போர்ட்டும் போகாது. எடுத்த சாமானைத் திருப்பிக் குடுத்திடு. அம்மா வந்து கூட்டிட்டுப் போகட்டும். நாளைக்கு யூனிஃபார்ம் இல்லாம நானே வீட்டுக்கு வரேன்."

அனந்தபத்மநாபனின் முகத்தில் வெளிச்சம் பரவியது. மகளுக்காக அல்ல.

"எஃப்.ஐ.ஆர். கெடையாதா? அப்போ என் அம்பதாயிரம்? டேய் நயினார், திருப்பிக் குடுடா!"

"எதுக்குவே குடுக்கணும்? நானா ஒம்ம வீட்டுக்கு வந்து புடுங்கினேன்? நீராத்தானே பேரம் பேசினீரு!"

"கள்ளப்பயலே!"

"நீரு மட்டும் யோக்கியமோ?"

இருவரும் சொன்னதெல்லாம் உண்மை. அன்று முழுக்க அவர்கள் பேசிய ஒரே உண்மை!

"மதி, மதி! போதும்!" ஆர்ஷா கையைத் தூக்கினாள். "நயினாரே, பிள்ளையைப் பிடிச்சு வச்சு மிரட்டிப் பணம் பறிச்சது உன் கேஸ். ஜீப்புல ஏறு."

"பலே!" என்றார் ஆடிட்டர்.

"சாரும் ஏறணும்."

"நானா? நான் பாதிக்கப்பட்டவன் மேடம்! பணம் குடுத்தது நான்!"

"காசு தரேன்னு சொல்லி, ஒண்ணும் செய்யாத பொண்ணை ஏழு வருஷம் உள்ள தள்ளப் பாத்ததும் சாருதானே? அது சின்னக் குற்றமில்ல."

சுஜா வளையல் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சாமி, எனக்க பத்தாயிரத்த இந்தப் பேசுத பெட்டியிலயே போடுவீங்களா? அதையும் எல்லாரும் கேக்கட்டு."

கடை மொத்தமும் சிரித்தது. மாளவிகா மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல நடந்து சுஜாவின் பக்கத்தில் போய் நின்றாள். சுஜாவும் விலகவில்லை.

கான்ஸ்டபிள் நயினாரை ஜீப்பில் ஏற்றினான். அனந்தபத்மநாபன் படியில் நின்று ஆர்ஷாவிடம் கெஞ்சினார்.

"மேடம்... கொஞ்சம் தயவு பண்ணுங்கோ. நேக்கும் இதான் முதல் தடவை!"

"சாருக்கு எத்தனை வயசாச்சு?"

"அம்பத்திமூணு..."

ஆர்ஷா ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"சலுகை பதினெட்டு வரைக்கும்தான் சாரே. இந்தத் திருட்டுப் புத்தி முப்பத்தாறு வருஷம் முன்னாடியே வந்திருந்தா, புத்தி சொல்லி அம்மாகூட அனுப்பியிருப்பேன்!"