ஜானட் காட்டிய இரண்டாவது விரல்

போன் அடித்தது.

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அலமாரி மேல் கிடந்த செல்போன் நின்றது... மறுபடி அடித்தது... மறுபடி நின்றது.

பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்த ஜானட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோனது. காதோடு பேச்சும் போனது.

போனில் இருந்தது எண்ணூர் போலீஸ். அவள் புருஷன் அலெக்ஸாண்டரின் பிணம் கழிமுகச் சேற்றில் கிடைத்திருக்கிறது என்று சொல்வதற்காக!

யாரும் எடுக்காததால் போலீஸ் அடுத்த நம்பருக்குப் போட்டது. அலெக்ஸாண்டரின் தம்பி சாவியோ.

கொஞ்ச நேரத்தில் சாவியோ வாசலில் வந்து நின்றான். அண்ணனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அண்ணியோடு ஒரே வீட்டில் இருப்பவன். அவள் சைகை பாஷை அவனுக்கு அத்துப்படி.

கைகளைத் தூக்கினான்.

அண்ணன்... தண்ணீர்... விழுந்துவிட்டான்...

கடைசியாக உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான்.

ஜானட் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அரிசியைப் பார்த்தாள். களைந்த தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி களைய ஆரம்பித்தாள்.

சாவியோதான் பாத்திரத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

*

இன்ஸ்பெக்டர் மதிக்கு எண்ணூரில் பிணம் புதிதில்லை.

பின்மண்டையில் அடி. நுரையீரலில் சேற்றுத் தண்ணீர். கழிமுகத்துக்குக் குறுக்கே ஓடும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் மேல் ஏறியிருக்கிறான்... வழுக்கியிருக்கிறான்... விழுந்ததில் மண்டையில் அடிபட்டு, மயங்கி, மூழ்கியிருக்கிறான். வருஷத்துக்கு ஒருவராவது அப்படிப் போகிற இடம்தான்.

இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். எப்போது கிளம்பினான்? யாரோடு போனான்?

சாவியோ அதைச் சைகையில் அண்ணிக்குச் சொன்னான்.

ஜானட்டின் கைகள் எழுந்தன. தோளில் எதையோ மாட்டின. ஹேண்டில்பாரைப் பிடித்தன. சாவியோவைச் சுட்டின. வடக்கே நீண்டன, மடங்கின, திரும்பி வந்தன. கைகள் ஓய்வதற்குள் மதி ஒரு கிளாஸ் டீயைக் குடித்து முடித்துவிட்டாள்.

"காலைல தனியாதான் போனாராம் மேடம்," என்றான் சாவியோ. "லொகேஷன் பாக்கறதுக்கு. கேமராகூட எடுத்துக்கினு போவலன்னுது."

"இவ்ளோ நேரம் கை ஆட்டுச்சே... இவ்ளோதானா?"

"சைகைன்னா அப்டித்தான் மேடம். ஒரு வார்த்தைக்கு ஊர சுத்திகினு வரும்."

"உன்னக் காட்டுச்சு?"

"மீதிய என்னாண்ட கேட்டுக்கோங்கன்னுது."

எழுதத் தெரியுமா என்று மதி விசாரித்தாள். கையெழுத்து மட்டும் போடும், ரெண்டாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள் என்றான். அது உண்மைதான்.

ஜானட்டின் முகத்தில் ஒன்றுமே இல்லை. கை ஓய்ந்ததிலிருந்து மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாவியோ தோளைத் தொட்டதும் எழுந்தாள். அவன் நடந்தான். பின்னாலேயே நடந்தாள்.

காசிமேடு கல்லறையில் அடக்கம் நடந்தது. பெட்டி குழிக்குள் இறங்கியபோதும் அவள் அழவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்தவள், போட வேண்டும் என்பதே மறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்துத் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று பேசிக்கொண்டார்கள். அவள் பக்கத்திலேயே நின்று, குரலைக்கூடத் தாழ்த்தாமல்!

*

அந்தம்மா சினிமா டைரக்டர் மேடம் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னபோது மதி சிரித்துவிட்டாள்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, எதிரே தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்து, யூடியூபில் ஒரு படத்தைப் போட்டாள்.

வசனம் இல்லை. பாட்டு இல்லை. பின்னணி இசைகூட இல்லை. மீன் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண். ஒவ்வொரு கண்டக்டரும் நாற்றத்துக்குப் பயந்து விசில் ஊதிப் போய்விடுகிறான். ஐஸ் உருகிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் கதை. நடித்தது ஜானட். இயக்கியது ஜானட்.

மதி சாம்பார் சாதத்தைத் தொடவே இல்லை. அடுத்த படத்தைப் போட்டாள். அதற்கடுத்ததையும்.

ரைட்டர் அதே ராயபுரத்துக்காரர். மீதியை அவர் சொன்னார்.

ஜானட்டின் அப்பா ஆசீர்வாதம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகளைத் தியேட்டருக்குக் கூட்டிப் போவார். அவளுக்கு எல்லாப் படமும் பேசாத படம்தான். வீட்டுக்கு வந்ததும் ஹீரோ, வில்லன், ஹீரோவின் அம்மா, போஸ்ட்மேன் என்று ஒருத்தர் விடாமல் நடித்துக் காட்டுவாள். தெரு கூடிவிடும்.

ஒரு புனித வெள்ளி நாடகத்தில் வெரோனிக்கா வேஷம் கொடுத்தார்கள். வசனமே இல்லாத வேஷம் என்பதால் கொடுத்தார்கள். சேசுவின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு அவள் அந்தத் துணியைப் பார்த்த பார்வையில் கோயில் வாசலே அழுதது. அதை வீடியோ எடுக்க வந்தவன்தான் திருவொற்றியூர் கல்யாண கேமராமேன் அலெக்ஸாண்டர். நாடகம் முடிந்தும் அவன் கேமராவை இறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் சைகை கற்றுக்கொண்டான். கேமராவிலிருந்த மைக்கைக் கழற்றி வீசினான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு, விம்கோ நகரின் பழைய ஃபேக்டரிச் சுவர்... அவள் எங்கே கை காட்டினாளோ அங்கே நின்று எடுத்தான். அவள் பொல்லாத டைரக்டர். ஒரு விரல் அசைவு பிசகினாலும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வாள். தோளில் ஒரு தட்டு தட்டினால் அவன் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். எடிட்டிங் சாவியோ. போன வருஷம் கேரளாவில் ஒரு படவிழாவில் ஜானட்டுக்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையில் நின்றவளுக்குக் கைதட்டல் கேட்காது என்பதால் மொத்த அரங்கமும் எழுந்து கைகளை உயர்த்தி ஆட்டியதாம்.

"இப்ப ஒரு படம் பாதில நிக்குது மேடம்," என்றார் ரைட்டர். "கழிமுகத்துலதான் ஷூட்டிங்கு."

மதி டிபன் பாக்ஸை மூடினாள்.

*

விபத்து என்று ஃபைலை முடிப்பதற்கு ஜானட்டின் கையெழுத்து தேவைப்பட்டது.

சாவியோ அழைத்து வந்தான். அதே நாற்காலி. அதே பேப்பர் வெயிட். சாவியோ பேனாவை எடுத்து அண்ணியின் விரல்களுக்குள் வைத்தான். அவள் குனிந்தாள்.

மதி ஒரு வழக்கத்துக்காகத்தான் கேட்டாள். கேட்கும்போது வழக்கம் போல விரலும் எழுந்தது.

"தனியாத்தானே போனாரு?"

ஒற்றை விரல்.

ஜானட் அந்த விரலைப் பார்த்தாள்.

பேனா நின்றது.

தலையை மெல்ல ஆட்டினாள். இல்லை. பேனாவை வைத்துவிட்டுத் தன் கையைத் தூக்கினாள்.

இரண்டு விரல்!

சாவியோ அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். கொஞ்சம் வேகமாகவே இறக்கினான்.

"ரெண்டு நாளா தூங்கல மேடம். கன்ஃபீஸா கீது."

மதி தலையசைத்தாள். அண்ணியின் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று வேண்டும், கடைத்தெருவில் எடுத்து வா என்று அவனை அனுப்பினாள். அவன் தயங்கினான். போனான்.

கதவு சாத்தப்பட்டது. மதி நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினாள். தன் போனில் ஜானட்டின் படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். பிறகு அறையின் நடுவைக் காட்டினாள்.

நடித்துக் காட்டு.

ஜானட் எழுந்து நின்றாள். அறைக்கு நடுவில் வந்தாள். முகத்தில் இன்னும் ஒன்றுமில்லை. வெள்ளைத் திரை மாதிரி இருந்தது.

முதலில் அலெக்ஸாண்டர் வந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் அலெக்ஸாண்டர். தோளில் கேமரா பை மாட்டினான். மனைவியின் கன்னத்தைத் தட்டினான். பைக்கின் பின்சீட்டில் ஏறினான்.

பிறகு முன்சீட்டுக்காரன் வந்தான். சட்டைக் காலரைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். பின்னங்கையால் மூக்கைத் தேய்த்தான். கண்ணாடியைப் பார்த்து முடியைக் கோதினான்.

மதி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்த சாவியோ காலரைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். பின்னங்கையால் மூக்கைத் தேய்த்தான்.

ஜானட் இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருந்தாள்! தம்பிதான் கூட்டிப் போனான், கேமராவும் போனது, எங்கே இறக்கிவிட்டான் என்று அவனையே கேளுங்கள் என்று. போலீஸ் கேட்டிருக்கும் என்று நம்பினாள். கழிமுகத்தில் இறக்கிவிட்டு வந்துவிட்டேன் என்று சாவியோ அவளிடம் சொன்னதையும் நம்பினாள். மதியின் ஒற்றை விரலைப் பார்க்கும்வரை.

நடித்து முடித்தவள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள்.

*

திருவொற்றியூர் பெட்ரோல் பங்க் கேமராவில் பைக் பதிவாகியிருந்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் தோளில் பை.

மதி எண்ணூர் மீனவர்களைக் கூப்பிட்டுக் கழிமுகச் சேற்றில் இறக்கினாள். குழாய்க்கு அடியில், இடுப்பளவு சேற்றில், ஒருவர் காலில் கேமரா தட்டுப்பட்டது.

கேமரா செத்திருந்தது. உள்ளே இருந்த மெமரி கார்டு சாகவில்லை. ஆய்வகத்தில் அதை மீட்டுக் கொடுத்தார்கள்.

படம் ஓடியது. முதலில் ஜானட். கழிமுகக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வெகு பின்னால் ஒரு டேங்கர் லாரி, குழாயை நீட்டிக் கறுப்புக் கழிவுத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் கழிமுகத்தில் இறக்கிக்கொண்டிருந்தது. வண்டி நம்பர் பளிச்சென்று தெரிந்தது. வள்ளூர் பக்கத்து கான்ட்ராக்டர் வல்லரசுவின் லாரி.

அடுத்த காட்சி, அலெக்ஸாண்டர் செத்த அன்று காலை. ஃபிரேம் முழுக்க சாவியோவின் முகம். கேட்கிறான். கெஞ்சுகிறான். கத்துகிறான். பிறகு இரண்டு கைகள் கேமராவை நோக்கி வருகின்றன... வானம்... குழாய்... தண்ணீர்... இருட்டு.

சாவியோவை உட்கார வைத்து அதைக் காட்டினார்கள். இரண்டாவது முறை போடுவதற்குள் சொல்லிவிட்டான். கார்டைக் கொண்டுவந்து கொடுத்தால் உன்னை ஹீரோவாகவும் டைரக்டராகவும் போட்டுப் படம் எடுக்கிறேன் என்று வல்லரசு ஆசை காட்டியிருக்கிறான். அலெக்ஸாண்டர் மறுத்துவிட்டான்.

"எத்தினி நாளு மேடம் அவங்க படத்தையே வெட்டி ஒட்டிக்கினு கெடக்கறது? எனுக்குன்னு ஒரு படம் வேணாமா?" என்றான் சாவியோ. "தள்ளணும்னு தள்ளல."

அவன் உள்ளே போனான். வல்லரசு முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வெளியே இருந்தான்.

*

ஒரே ஒரு பிரச்சினை. வீடியோவில் சத்தம் இல்லை. மைக் இல்லாத கேமரா. தள்ளுவதற்கு முன்னால் சாவியோ என்ன பேசினான் என்பது தெரிந்தால் வல்லரசுவையும் பிடித்துவிடலாம். சாவியோவோ, வக்கீல் வந்த பிறகு, எல்லாம் மறந்துவிட்டது என்றான்.

மதி ஜானட்டை வரவழைத்தாள். காது கேளாதோர் பள்ளி டீச்சர் ரோஸ்மேரி மொழிபெயர்க்க வந்திருந்தார். பார்க்க வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று மதி முதலிலேயே சொல்லச் சொன்னாள். ஜானட் திரையைக் காட்டினாள். போடுங்கள்.

பார்த்தாள். கண் இமைக்கவில்லை. மறுபடி போடச் சொன்னாள்.

பதினைந்து வருஷமாக அவளோடு வாயை நன்றாக அசைத்துப் பேசிப் பழகிய முகம் அது. கோபத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை; உதட்டசைவை வைத்தே அவள் வார்த்தைகளைப் படித்தாள். அவள் கைகள் சொல்லச் சொல்ல, ரோஸ்மேரி தணிந்த குரலில் சொன்னார்.

"கார்டக் குடு அண்ணே... வல்லரசு அண்ணன் கரையாண்ட வண்டில வெயிட் பண்ணிக்கினு கீறாரு... குடுத்துட்டு வூட்டுக்குப் போ... அண்ணியாண்ட நான் சொல்லிக்கறேன்..."

வல்லரசு அங்கேயே இருந்திருக்கிறான்!

மதி எழுந்தாள். ஜானட் உட்காரச் சொன்னாள். படத்தை நடுவில் நிறுத்தச் சொல்லி, திரையில் விரல் வைத்தாள். அவள் கைகள் மெதுவாக அசைந்தன. ரோஸ்மேரி அந்தக் கைகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"இவ்வளவு கிட்டத்துல முகத்த மட்டும் வெச்சு அலெக்ஸ் எப்பவும் எடுக்க மாட்டானாம். அவளுக்குப் பிடிக்காதாம். பின்பக்கமா நகந்துக்கிட்டே உதட்ட ஃபோகஸ்லயே வெச்சிருக்கான்னு சொல்றா. மைக் இல்லன்னு அவனுக்குத் தெரியும். யார் பாப்பாங்கன்னும் தெரியும்."

அவன் குழாயின் விளிம்பைப் பார்க்கவே இல்லை. கடைசிவரை தம்பியின் உதட்டைத்தான் பார்த்திருக்கிறான்.

ஜானட் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அழுவாள் என்று மதி காத்திருந்தாள். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் திரையின் ஓரத்தில் இருந்த தூசியைத் துடைத்தாள்.

இதே சாட்சியத்தை கோர்ட்டில் வந்து சொல்வாளா என்று கேட்கச் சொன்னாள் மதி.

ஜானட்டின் கைகள் எழுந்தன. கொஞ்ச நேரம் அசைந்தன. கடைசியில் ஒரு விரல் மதியை நோக்கிக் கண்டிப்பாக ஆடியது, படப்பிடிப்பில் ஆடுகிற மாதிரி.

"என்ன சொல்றாங்க டீச்சர்?"

"கட்டாயம் வருவாளாம். ஆனா, மொழிபெயர்க்கிற ஆள் சொந்தக்காரனா இருந்தா வாயே தொறக்க மாட்டாளாம்!"