சீல் பிரிக்காத பெட்டி

ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தது.

பிணம் அதற்கு முன்பே விழுந்திருந்தது.

பிணத்தை விழவைத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க்கை விழவைத்தது யார் என்பதில் மட்டும் எந்த மர்மமும் கிடையாது.

இன்ஸ்பெக்டரின் முழங்கை.

பூட்டிய ஸ்டுடியோவுக்குள் நாள்கணக்கில் ஊறிக் கிடந்த நாற்றம் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. மூக்கைப் பொத்தக் கைக்குட்டை வேண்டும். பாக்கெட்டில் கை விட்டார். முழங்கை பின்னால் போனது. மேஜை விளிம்பில் இருந்த கறுப்புப் பெட்டி அதைவிடப் பின்னால் போனது.

டப்.

சார்ஜண்ட் திரும்பினாள். "என்ன சார் சத்தம்?"

"என் மானம்மா. கீழ விழுந்துடுச்சு."

நீலவானம் வரைந்த திரைக்கு முன்னால் போட்டோகிராபர் கவிழ்ந்து கிடந்தார். தலைமாட்டில் கேமரா ஸ்டாண்ட். அதன் ஒரு காலில் ரத்தம் காய்ந்து துருவைப் போல் பிடித்திருந்தது. ஊரில் உள்ள அத்தனை ஈக்களும் படம் எடுத்துக்கொள்ள வந்து, அவரை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டருக்குக் குமட்டியது. இத்தனை வருஷ சர்வீஸில் குமட்டாத பிணம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் எலி செத்தால்கூட மனைவிதான் எடுத்துப் போடுவார்.

"சார், மூலையில ஒரு கேமரா இருக்கு பாருங்க. நாள் பூரா இந்த ரூமை ரெக்கார்ட் பண்ணும் போல. ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகுது. கம்ப்யூட்டர் பிளக்கை யாரோ பிடுங்கியிருக்காங்க. ரெக்கார்டிங் எல்லாம் ஏதாவது வெளி டிஸ்க்லதான் இருக்கணும்... கறுப்பா ஒரு பெட்டி எங்கயாவது கண்ல பட்டுச்சா சார்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

பெட்டி மூன்றாகப் பிரிந்து கிடந்தது. மூடி தனி. டிஸ்க் தனி. கம்பியைச் சொருகுகிற வாயோடு விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு தனி.

மூன்றையும் கைக்குட்டையில் அள்ளினார். மூக்குக்கு எதுவும் மிச்சமில்லை.

"பட்டுச்சும்மா... என்கிட்ட பத்திரமா இருக்கு."

---

ஸ்டேஷன்.

போட்டோகிராபரின் மனைவி லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிராக மூன்று விஷயங்கள். கொலை நடந்த அன்று மாலை ஸ்டுடியோவில் பெரிய சண்டை. "உன்னைக் கொன்னாத்தான்யா எனக்கு நிம்மதி" என்று அவர் கத்தியதைப் பக்கத்துக் கடைத் தையல்காரர் கேட்டிருக்கிறார். செத்தவருடைய போன் இவருடைய கைப்பையில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் கம்பிக்கு அருகில் இழுத்துப் போட்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெட்டியை யாருக்கும் தெரியாமல் பசை போட்டு ஒட்டியதில் கட்டை விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. பெட்டியைப் பிய்த்தாயிற்று. தோல் பாதி அதனோடு போய்விட்டது.

"கொன்னீங்களாம்மா?"

"அந்த ரூம்ல கேமரா இருக்கு சார். பார்த்தீங்களா?"

"நான் வேற கேட்டேன்."

"நான் கிளம்பும்போது அவர் உயிரோட நின்னாரு. அதுல இருக்கும். போட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டரின் கட்டை விரல் எரிந்தது.

"சண்டை எதுக்கு?"

"ஒரு அம்மாவுக்குப் பிறந்த குழந்தை கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. இவர்தான் படம் எடுத்தாரு. அந்தம்மாகிட்ட வேற ஒரு படம்கூட கிடையாது. எல்லாம் அந்த டிஸ்க்ல இருந்துச்சு. வாங்கிப் பத்து நாள் ஆகல, டிஸ்க் பாதியில பாதியில உறைஞ்சு நிக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்தம்மா தினம் வந்து கேக்குறாங்க. இவர் நாளைக்கு நாளைக்குன்னு பொய் சொல்றாரு. 'உண்மையைச் சொல்லித் தொலைங்க, நீங்க சொல்லலைன்னா நானே சொல்றேன்'னு போனைப் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

"சொன்னீங்களா?"

அவர் தலைகுனிந்தார். "பட்டனை அழுத்தக் கை வரல சார்."

இன்ஸ்பெக்டர் கம்பி வழியாக நீட்டிய தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அவரே தொடர்ந்தார்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். டிஸ்க்கைத் தனியா வாங்குவோம், பெட்டியைத் தனியா வாங்குவோம், நாமளே மாட்டிக்கலாம், உள்ள என்ன இருக்குன்னாவது தெரியும்னு. கேட்டாரா? 'கம்பெனி சீலோட வர்றதுதான் நம்பிக்கை'ன்னாரு."

"யாருகிட்ட வாங்கினாரு?"

"கடைவீதியில கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் கடை. எதைக் கேட்டாலும் நேரா பதில் சொல்லாம 'அது பொறுத்தது'ம்பாரே... அவர்தான்."

---

'அது பொறுத்தது' கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

கடை பளபளவென்று இருந்தது. கண்ணாடி அலமாரி நிறைய சீல் போட்ட பெட்டிகள். ரோஜா வாசனை ஸ்ப்ரே. அந்த ரோஜாவுக்கு அடியில் வேறு என்னவோ அழுகும் வாடை.

"வாங்க சார். ரெடிமேடா? அசெம்பிளா?"

"போலீஸ்."

"சந்தோஷம் சார்." ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். அதே நுனியால் நாற்காலியைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே பேசுவது என்று முடிவெடுத்தார்.

"போட்டோகிராபர் உங்க ரெகுலர் கஸ்டமரா?"

"அது பொறுத்தது சார். ரெகுலர்னா நீங்க எதைச் சொல்றீங்கன்னு..."

"அவர் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கீங்களா?"

"வேலையைப் பொறுத்தது சார். நமக்குக் கடையே கதி."

ஒட்டிய பெட்டியைக் கல்லாவின் மேல் வைத்தார் இன்ஸ்பெக்டர். "இது ஓடல. இதுல இருக்கிறதை எடுக்க முடியுமா?"

கடைக்காரர் பெட்டியைத் தொடவே இல்லை. பார்த்த பார்வையில் மட்டும் ஏதோ ஒரு நெளிவு.

"கஷ்டம் சார். இது ரெடிமேட். தனியா மாட்டினதா இருந்தா, பெட்டி கெட்டாலும் டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டியில போட்டுடலாம். இந்த மாடல் அப்படி இல்ல. சொருகுற வாயே டிஸ்க்கோட பலகையிலதான். தனித் தகடுன்னு ஒண்ணு கிடையாது. உள்ள எல்லாம் ஒரே பீஸ். போனா மொத்தமாப் போச்சு."

"ஒரே பீஸா?"

"கம்பெனி சீல் சார். மனுஷன் கை படாதது. இங்க வெச்சுட்டுப் போங்க, நான் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்."

இன்ஸ்பெக்டர் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஸ்டுடியோ தரையில் கிடந்த மூன்று துண்டுகளும் கண்முன் வந்து நின்றன.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கணும். பேரப்பிள்ளை போட்டோ. ரெடிமேட் நல்லதா, அசெம்பிள் நல்லதா?"

"அது பொறுத்தது சார்."

"எதைப் பொறுத்தது?"

"அதுவும் பொறுத்தது சார்."

வாசலுக்கு வந்த இன்ஸ்பெக்டருக்குக் குளிக்க வேண்டும்போல் இருந்தது.

---

"ஒரு விஷயம் சொல்றேன். சிரிக்கக் கூடாது," என்றார் ஜீப்பில்.

சொன்னார். முழங்கை, கைக்குட்டை, பசை, கட்டை விரல்.

சார்ஜண்ட் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"சிரிச்சு முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் சார். ஒரே பீஸா இருக்க வேண்டியது எப்படி மூணா விழுந்துச்சு?"

"அதைத்தாம்மா நானும் கேக்குறேன்."

வேறு தெருவில், வேறு கடையில், காலிப் பெட்டி ஒன்று வாங்கினாள். ஸ்டேஷன் மேஜையில் செய்தித்தாளை விரித்து, பசையைக் கத்தியால் கீறிப் பிரித்தாள்.

டிஸ்க்கின் லேபிளை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆடாமல் இருக்க, அடியில் இருபக்க டேப். அந்த டேப்பில் ஒரு கரப்பான்பூச்சியின் கால்.

கால் மட்டும்.

"சே," என்றார் இன்ஸ்பெக்டர். "இதுதான் மனுஷன் கை படாத சரக்கா?"

"பெட்டி புதுசு சார். டிஸ்க் எங்கயோ தேஞ்சு குப்பைக்குப் போனது. பொறுக்கிட்டு வந்து, துடைச்சு, உள்ள வெச்சு, வெளிய புதுசா சீல் ஒட்டியிருக்கான்."

"நான் தட்டி விட்டதுல போயிருக்குமா?"

"ஓடிட்டு இருக்கும்போது விழுந்திருந்தா போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கினதால தூங்கிட்டு இருந்துச்சு. பார்ப்போம்."

டிஸ்க்கைக் காலிப் பெட்டிக்குள் தள்ளி, கம்பியைச் சொருகினாள். உள்ளே எதுவோ இருமியது. முனகியது... சுற்ற ஆரம்பித்தது.

முதலில் வந்தவை யாரோ முன்பின் தெரியாதவர்களின் ஸ்கேன் படங்கள். நெஞ்செலும்பு. கர்ப்பப்பை. யார் யாருடைய வயிற்றுக்குள் இருந்ததோ எல்லாம் திரையில் வரிசையாக வந்தது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரி குப்பையில் போட்டது, அழிக்கக்கூட இல்லாமல் புதுப் பெட்டிக்குள் ஏறி விலைக்கு வந்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார்... குழந்தை."

திரும்பினார். துணிச் சுருளுக்குள் கொட்டாவி விடுகிற கைப்பிடி அளவு முகம். பாதிப் படங்கள் கிழிந்த மாதிரி வந்தன. பாதி முழுசாக இருந்தன.

"முழுசா இருக்கிறதை உடனே ரெண்டு இடத்துல ஏத்தி வெச்சிடும்மா. கேஸ் அப்புறம்."

கேஸும் வந்தது. ஸ்டுடியோ கேமராவின் கடைசி ரெக்கார்டிங். கணவர் கையை ஆட்டிக் கத்துகிறார்: "கடைக்காரனை வரச் சொல்லியிருக்கேன், வரட்டும், அவன் சரக்கு எல்லாமே குப்பைன்னு ஊர் பூரா சொல்றேன்!" மனைவி மேஜையிலிருந்த போனைப் பிடுங்குகிறார். கதவுக்குப் போகிறார். போன் பிடித்த கையைக் கதவில் வைத்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார்.

படம் அங்கேயே உறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"சார், அவரை இன்னொரு தடவை பாருங்க. உயிரோட நிக்கிறாரு."

"அந்தம்மா திரும்பி வந்து அடிச்சாங்கன்னு கோர்ட்ல சொல்லுவாங்களே? படம் நின்னு போச்சே."

"குப்பை டிஸ்க்னாலதான் நின்னுச்சு. அவன் வித்த குப்பையே அவனைக் காப்பாத்தியிருக்கு சார்."

"சரி, இந்தப் பெட்டியை ஏன் விட்டுட்டுப் போனான்?"

"எடுத்துட்டுப் போனா தேடுவோம். செத்த டிஸ்க்கை மேஜையில விட்டா யார் பிரிச்சுப் பார்க்கப் போறா?"

"முழங்கைன்னு ஒண்ணு இருக்கிறதை அவன் யோசிக்கல." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். "கெளம்பும்மா. அந்த ஆள்கிட்ட ஒரே ஒரு கேள்விக்காவது பதில் வாங்கிட்டு வரலாம்."

---

மறுபடியும் ரோஜா வாசனை.

"வாங்க சார். முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு." இந்த முறை இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். சார்ஜண்ட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "கேஸ் முடிஞ்சுது. டிஸ்க் ஓடிடுச்சு."

ஸ்க்ரூ டிரைவர் காதுக்குள் நின்றது.

"ஓடிடுச்சா?"

"நல்லா ஓடுது. அந்தம்மா வெளிய போறாங்க. அப்புறம் ஒரு ஆள் உள்ள வர்றான். முதுகுதான் தெரியுது. ஸ்டாண்டை எடுக்கிறான்... ஒரே போடு. முதுகை மட்டும் வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? உங்க தொழில்ல எப்படி?"

கடைக்காரர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கெட்டிக்காரனின் சிரிப்பு. எதிரில் இருப்பவன் முட்டாள் என்று தெரிந்துகொண்டவனின் சிரிப்பு.

"சார்... இந்த போலீஸ் விளையாட்டெல்லாம் என்கிட்ட வேண்டாம். அதுல அப்படி எதுவும் இருக்க முடியாது."

"பொறுத்ததா?"

"பொறுத்ததெல்லாம் இல்ல சார். அந்தம்மா கதவுல கை வெச்சுத் திரும்பிப் பார்த்தாங்க பாருங்க, அதோட படம் உறைஞ்சு போச்சு. அதுக்கு மேல ஒரு நொடிகூட ஏறல."

மின்விசிறி சுற்றியது.

சார்ஜண்ட் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"அடடா," என்றார் இன்ஸ்பெக்டர். "கதவுல கை வெச்சதுகூடத் தெரியுதே."

சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்கு மேலே கண்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன.

"அவர்... அவர் போன் பண்ணிச் சொன்னாரு சார். படம் இப்படி நின்னுடுச்சுன்னு."

"எந்த போன்ல?"

"அவர் போன்லதான்."

"கதவுல வெச்ச கையில என்ன இருந்துச்சுன்னு நீங்க சரியாப் பார்க்கல. அவரோட போன். அந்தம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க. உறைஞ்ச படத்தைப் பத்தி அவர் யாருக்கும் போன்ல சொல்லியிருக்க முடியாது. ஸ்டுடியோவுக்கு வந்தவனுக்குக் கம்ப்யூட்டர்ல காட்டியிருக்கலாம். காட்டினதுக்கு அப்புறம்தான் யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க."

கடைக்காரரின் நெற்றியில் வேர்வை துளிர்த்து, மூக்கு வழியாக இறங்கி, கல்லாவின் கண்ணாடியில் சொட்டியது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"ஊர் பூரா சொல்லுவேன்னாரு சார்... மாத்தித் தர்றேன்னேன். கேக்கல. ஒரு குழந்தை போட்டோவுக்காக... செத்துப் போன குழந்தை சார் அது. அதை வெச்சு யாருக்கு என்ன லாபம்?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று சார்ஜண்ட் நினைத்தாள். வரவில்லை. சாக்கடை மூடியைத் திறந்து பார்த்துவிட்டவர் மாதிரி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கடைசியா ஒண்ணு. அந்தம்மாவை வெளிய விடணும். அதுக்காகக் கேக்குறேன். கொன்னது நீங்களா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் 'அ' வந்தது. அப்புறம் அது மாறியது.

"ஆமா சார்."

சார்ஜண்ட் விலங்கை மாட்டினாள். காதுக்குள் போய் வந்த ஸ்க்ரூ டிரைவரை எப்படி எடுப்பது என்று யோசித்து, அவரையே எடுத்து உறைக்குள் போடச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் எரிகிற கட்டை விரலை ஊதிக்கொண்டே அவளைப் பார்த்துச் சொன்னார்:

"வழக்கை நாமதான் துண்டு துண்டாப் பொறுக்கி அசெம்பிள் பண்ணணும்னு நெனச்சேம்மா... பரவாயில்ல, வாக்குமூலம் ரெடிமேடாவே கிடைச்சிடுச்சு!"