ஒன்பது சோற்றுப் பார்சல்

கொய்யா இலை அப்படியே இருந்தது. ஓர் ஓரம்கூடக் கடிபடவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஆறாயி கழுவித் துடைத்துத் தண்ணீர்ப் போத்தலில் சொருகிய கொப்பு; பூச்சி வழுக்கி விழுந்து மூழ்காதபடி போத்தல் வாயைப் பஞ்சால் அடைத்ததும் அவள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் குச்சிப்பூச்சிகள் கொப்போடு கொப்பாகத் தொங்கின. மூன்று நாளாய் இலை தொடாதவை வாடியிருக்க வேண்டும். இவை விரல் பருமனுக்குக் கொழுத்திருந்தன.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் செலீன் டீச்சரின் வீடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட டீச்சர் வளர்க்கும் இந்தப் பூச்சிகளைப் பார்ப்பதும் வீடு கூட்டுவதும் ஆறாயியின் வேலை. அவள் புருஷன் அழகரைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக் கொண்டுபோய் ஒன்பது நாள். சிங்களம் தெரிந்த டீச்சர், தானே பொலிசுக்குப் போய் அவனை வெளியே எடுத்துத் தருவதாகச் சொன்னார். நீ வந்தால் உன்னையும் உள்ளே போடுவார்கள், வீட்டிலேயே இரு என்றார். தினமும் விடிய ஆறாயி சோறு கட்டிக் கொடுத்தனுப்பினாள். மாலையில் வெறுங்கையோடு வரும் டீச்சர், அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை என்பார்.

"உள்ளுக்க இருந்தும் உன்ர மனுசன் கொழுக்கிறான்" என்று ஒருநாள் பகிடியும் விட்டார். ஆறாயி வயிறு குளிர்ந்து சிரித்தாள்.

இன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. கடல் இரைச்சலுக்கும், ரயில் போன பிறகும் ஜன்னல் கம்பியில் தங்கி நடுங்கும் ஓசைக்கும் அடியில் வேறொரு சத்தம், ஈர வாயால் நிதானமாகச் சவைக்கும் சத்தம், பின்னறையிலிருந்து வந்தது. குப்பி விளக்கோடு போனாள். அறை முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசம். காலையில் அவள் அழகருக்குக் கட்டியது.

பூச்சிப் பெட்டியை மேலே வைத்திருந்த அலுமாரியின் கதவு, எப்போதும் பூட்டிக் கிடப்பது, சற்றுத் திறந்திருந்தது.

உள்ளே சோற்றுப் பார்சல்கள். அவள் கட்டிய நூல். அவள் போட்ட முடிச்சு. ஒன்பது.

டீச்சர் வாசலில் நின்றார்.

"டீச்சர், நீங்க பொலிசுக்கே போகலயா?"

"முதல் நாள் போனனான். அப்பிடியொரு ஆளைப் பிடிக்கவேயில்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவாய். பிறகு இதுகளை ஆர் பாக்கிறது?" டீச்சர் பார்சல்களைப் பார்த்தார். "ரோட்டிலயும் எறியேலாது. குண்டெண்டு பிடிச்சிடுவாங்கள்."

ஒன்பது நாள். முகாம் முகாமாய் ஏறி இறங்கியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். இங்கே இலை கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு பார்சலைத் தூக்கினாள். கனமில்லை. முடிச்சு அவிழவில்லை. கிழித்தாள். ஒரு பருக்கை இல்லை. அடுத்ததைக் கிழித்தாள். அதிலும் இல்லை.

"நான் தொடேல்லை" என்றார் டீச்சர். குரல் ஒடுங்கியிருந்தது.

சவைக்கும் சத்தம் நின்றது.

பெட்டிக்குள் குச்சிகள் அசைந்தன. காற்றில்லை. ஒன்றின் காலை ஒன்று பற்றியது. கணுவோடு கணு. மணிக்கட்டு. உள்ளங்கை. விரல்கள்.

நான்கு. சுண்டுவிரல் இல்லை. அது தோட்டத்துத் தேயிலை மெசினில் அழகருக்குப் போன விரல்.

டீச்சர் ஓடினார். கதவு அறைந்தது. வெளியிலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

ஆறாயி திரும்பவில்லை. கை கண்ணாடியை ஒட்டி மல்லாந்தது. சோற்றுக்கு நீட்டும் கை. விரலிடுக்கில் கருவாட்டு முள்.

நாலு விரலும் மடங்கின. நிமிர்ந்தன. மடங்கின.