அரை நொடி முன்னால் ஒரு குரல்

இந்தக் குரல் பாடகரோடு சேர்ந்து பாடவில்லை. ஒவ்வொரு வரியையும் அவருக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அவர் இன்னும் பாடாத வரி இதற்கு மட்டும் எப்படித் தெரியும்?

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சலூன் நாற்காலியில் சாய்ந்து, தலை கழுவும் தொட்டியின் குளிர்ந்த விளிம்பில் கழுத்தை வைத்து, கண்ணை மூடியிருந்தாள். மேலே இருந்த ஸ்பீக்கரில் தாளம் இல்லை, கிட்டார் இல்லை. ஓர் ஆண் குரல் மட்டும். அதற்கு அரை நொடி முன்னால், காதோரம் குனிந்து சொல்வதுபோல், மெல்லிய பெண் குரல்.

அவள் கையெல்லாம் சிலிர்த்தது.

"கேக்குதா?" என்றாள் சலூன் அக்கா. ஷாம்பு பாட்டிலை மார்போடு அணைத்தபடி மூன்றடி தள்ளியே நின்றாள்.

"கேக்குதுக்கா."

"நல்லவேளை. எனக்குத்தான் மண்டை குழம்பிடுச்சோன்னு நினைச்சேன். நேத்து ஒரு டீச்சர் தலை நிறைய நுரையோட எழுந்து ஓடிட்டாங்க. துண்டை எடுத்துக்கிட்டு தெருமுனை வரைக்கும் துரத்தினேன். இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், சிரித்தால் அந்தக் குரல் திரும்பிப் பார்க்குமோ என்று இருந்தது.

பக்கத்துக் கடை அவளுடைய மாமாவுடையது. பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது அவர் தொழில். பள்ளி இல்லாத நாளெல்லாம் அவள் அங்கேதான் கிடப்பாள். சலூன் அக்கா போன வாரம் ஓர் இசைத்தட்டு கொடுத்திருந்தாள். எட்டுப் பாட்டு, எட்டுப் பாடகர்கள். விரிசல் விட்ட தட்டு அது. ஏற்றி முடித்து எடுக்கும்போது மாமாவின் கையிலேயே இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்தப் பாட்டுகள் இனிமேல் அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான். அங்கிருந்து ஒயர் இழுத்து, சலூனில் பாட வைத்திருந்தார்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன பாம்புக்காது, பேயைப் பிடிச்சியா?"

"மாமா, ஸ்பீக்கரை எப்படி மாட்டினீங்க?"

"ஒண்ணு வாசல்ல. ஒண்ணு தொட்டிக்கு மேல. ஏன்?"

"இந்தத் தட்டுல வாத்தியம் ஒரு ஸ்பீக்கர்ல, பாடுறது இன்னொண்ணுல. வாத்தியமெல்லாம் வாசலுக்குப் போயிடுது. பாடுறது மட்டும் இங்க வருது. வாத்தியம் இத்தனை நாள் மூடி வெச்சிருந்தது இப்போ வெளிய தெரியுது."

"எது தெரியுது?" என்று அக்கா கேட்டாள். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டுப் பாட்டையும் அங்கேயே உட்கார்ந்து கேட்டாள். ஐந்தில் ஒன்றுமில்லை. மூன்றில் மட்டும் அந்தக் குரல். பாடகர்கள் மூன்று பேர். குரல் ஒன்றே.

கடைசிப் பாட்டு முடியும் முன்பே மாமாவின் கடைக்கு ஓடிப்போய், உடைந்த தட்டை ஒட்டவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். பாடகர் பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல், பாட்டை எழுதியவர் பெயர். யாரும் படிக்காத அந்தப் பெயர்களைத்தான் அவள் நோட்டில் எழுதிச் சேர்த்துவந்தாள். மூன்று பாட்டின் கீழே மட்டும் பெயர் இல்லை. வெறும் இரண்டு எழுத்து. குரல் கேட்ட அதே மூன்று பாட்டு. மூன்றிலும் அதே இரண்டு எழுத்து.

அந்த இரண்டு எழுத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அக்கா, இது பேய் இல்ல," என்றாள் திரும்பி வந்து. "பாட்டை எழுதினவங்க. பாடுறவங்க மறந்துடக் கூடாதுன்னு பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுத்திருக்காங்க. அது மைக்ல விழுந்திருக்கு."

"அப்படியா? பேரு என்னவாம்?"

"போடல."

போன மாதம் வகுப்புப் பாட்டை எழுதியது அவள்தான். தோழிகள் மேடையில் பாட, திரைக்குப் பின்னால் நின்று அவள் வாயசைத்தாள். கைதட்டல் கேட்டபோது யாருக்கோ தட்டுவதுபோல் இருந்தது. அன்று வீட்டில் ஏன் சாப்பிடவில்லை என்று அவளுக்கே இப்போதுதான் புரிந்தது.

கடைசிப் பாட்டு முடிந்தது. வாசல் ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. தொட்டிக்கு மேலே மட்டும் ஒரு மூச்சு. பிறகு அந்தக் குரல் பாடாமல், பேசியது.

"சரியா வந்துச்சா?"

பதிவில் அதற்கு யாருடைய பதிலும் இல்லை. 'டக்'கென்று எதையோ அணைக்கும் சத்தம். அவ்வளவுதான்.

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். மாமா தாடையைத் தடவினார்.

"பாவம்தான். ஆனா யாரும் கடைக்கு வரலைன்னா அக்கா என்ன பண்ணுவா? வா." கம்ப்யூட்டர் முன் அவளை உட்கார வைத்தார். திரையில் பாடகர் குரல் பெரிய அலைகளாக. ஒவ்வொன்றுக்கும் முன்னால் குட்டியாக ஒரு நெளிவு, அந்தப் பெண் குரல். "என் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. நீயே குறிச்சு அழிச்சிடு."

மவுஸில் கை வைத்தாள். கடைசி நெளிவு மூச்சுவிடுவதுபோல் சின்னதாக இருந்தது.

"ரெண்டு ஸ்பீக்கரையும் தொட்டிப் பக்கமே மாட்டிடுங்க மாமா. வாத்தியமும் சேர்ந்து வந்தா இது மறைஞ்சுடும். கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுங்க. யாரும் ஓட மாட்டாங்க."

"அதையும் செய்றேன். எதுக்கு வம்பு, இதையும் எடுத்துடு."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன் மாமா," என்றாள், அந்தக் குரலைப் போலவே மெதுவாக.